வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்கு வராதவர்

எலைன் வேலை பார்த்த பெங்களூர் நிறுவனத்தின் தொழில், மற்றவர்கள் செய்யும் வேலைக்கு மதிப்பெண் போடுவது. குடிநீர்த் திட்டம், கோழி வளர்ப்பு, கைகழுவும் விழிப்புணர்வு என்று எதைக் கொடுத்தாலும் போட்டுத் தருவார்கள். அந்த வருடம் அவர்கள் கைக்கு வந்தது வேளாண் விரிவாக்கப் பணியாளர்களின் பயிற்சி. கிராமம் கிராமமாகப் போய் விவசாயிகளுக்கு யோசனை சொல்லவேண்டிய அந்த ஆட்களை, வாராவாரம் வெள்ளிக்கிழமை, பழைய தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்துப் பல வருடமாகப் பயிற்சி கொடுத்துவந்தார்கள். இதனால் பலன் உண்டா என்று மேலே யாருக்கோ திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது.

“உன் ஊர்தானே, நீயே போயிட்டு வா” என்றான் அவளுடைய மேலாளர் ராகவ். எலைனுக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். விடியற்காலை ரயிலில் ஒற்றைக் காலில் நின்றபடி பெங்களூர் போகவேண்டாம். பக்கத்திலேயே ஸ்கெலட்டன் குடியிருப்பில் இருக்கும் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஸ்கூட்டரில் போய்விடலாம்.

மண்டபத்தில் ஒருங்கிணைப்பாளர் பெருமாள் ரோஜாப்பூ கொடுத்து வரவேற்றார். இத்தனை வருடத்தில் ஐந்துக்கு நாலே முக்காலுக்குக் குறைந்து ஒரு வாரமும் மதிப்பெண் வந்ததில்லை என்றார். ஒரே ஒரு வாரம் தவிர. அன்று தயிர்சாதம் புளித்துவிட்டது.

கருத்துப் படிவத்தில் சிரிக்கிற மூஞ்சி முதல் அழுகிற மூஞ்சி வரை ஐந்து படம் இருந்தது. எல்லாரும் சிரிக்கிற மூஞ்சியில் டிக் அடித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். காலையில் ஒரு தேர்வு, சாயங்காலம் அதே கேள்விகளோடு இன்னொரு தேர்வு. கேள்விகள் பல வருடமாக மாறாததால் காலையிலேயே எல்லாரும் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள். சாயங்காலம் தூக்கக் கலக்கத்தில் கொஞ்சம் குறைந்தது. அந்தக் கணக்கின்படி பயிற்சி அறிவைக் குறைக்கிறது என்று எலைன் சொன்னபோது, பெருமாள் பதறாமல், “அதுக்குத்தான் மேடம் அடுத்த வாரமும் நடத்தறோம்” என்றார்.

பாடம் எடுத்தவர் டீனா, பயிர் நோய்களில் ஆராய்ச்சி செய்தவர். நன்றாகத்தான் எடுத்தார். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் அடித்து வெளியே ஓடிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒருவர் சட்டைப்பையில் கைவிட்டபடி கண்ணை மூடியிருந்தார். அவருக்கும் நூற்றுக்கு நூறு.

ராகவுக்கு இதெல்லாம் போதவில்லை. “பயிற்சிக்கு வராத ஒரு குரூப் வேணும் எலைன். வந்தவன், வராதவன், ரெண்டு பேர் ஏரியாவையும் வச்சு கம்பேர் பண்ணாத்தான் ரிப்போர்ட் நிக்கும்” என்றான்.

வராதவர் என்று யாரும் இல்லை, எல்லாரும் வருகிறார்கள் என்று பெருமாள் சத்தியம் செய்தார். ஆகவே எலைன் விவசாயிகளைக் கேட்கப் புறப்பட்டாள். பணியாளர்கள் பக்கத்தில் நின்றால் விவசாயிகள் வாய்திறக்க மாட்டார்கள் என்பதால் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போனாள். பயிரில் பூச்சி விழுந்தால் யாரைக் கேட்பீர்கள் என்று ஊர் ஊராகக் கேட்டாள். மருந்துக் கடைக்காரரை என்றார்கள். அவர் என்ன சொல்வார்? அவரிடம் என்ன மருந்து மிச்சமிருக்கிறதோ அதைச் சொல்வார்.

மல்லேனஹள்ளியில் மட்டும் பதில் வேறாக இருந்தது. தக்காளித் தோட்டத்துக்காரி ரத்தினம்மா, “சைலஸ் சார்கிட்ட கேப்போம். சுக்கிரவாரம் வருவாரு” என்றாள்.

“வெள்ளிக்கிழமையா? இன்னிக்கா?”

“தோ, பம்ப் ஷெட்டுல கீறாரு, போய்ப் பாரு.”

மோட்டார் கொட்டகைக்குள் நாலு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். எலைனைப் பார்த்ததும் ஒருவர் ஸ்ட்ரைக்கரைக் கையிலேயே மறைத்துக்கொண்டு எழுந்தார். பணியாளர் பட்டியலில் இருந்த சைலஸ், சர்ச்சில் இரண்டாம் ஆராதனையில் தொண்டை கிழியப் பாடும் சைலஸ் அங்கிள்தான்.

“நீ ஜெயகரன் பொண்ணு இல்ல? இங்க இன்னாம்மா பண்றே?”

“நான்தான் அங்கிள் பயிற்சிய மதிப்பிட வந்திருக்கேன். நீங்க இப்போ மண்டபத்துல இருக்கணுமே?”

சைலஸ் ஸ்ட்ரைக்கரைப் பலகையில் வைத்தார். “எங்கப்பா ஷிஃப்டுக்குக் கேஜில சுரங்கத்துக்குள்ள எறங்குனா, ஏறி வரச்சொல்லோ எதையாவது வெட்டிட்டு வந்திருப்பாரு. நான் அந்த மண்டபத்துல எறங்குனா வெறுங்கையோடதான் ஏறி வரேன். கையெழுத்த ஒரு சிநேகிதன் போட்டுடுவான். போட்டுக் குடுத்துடாத எலைன்மா.”

மற்ற நாட்களில் ஏன் கிராமத்துக்கு வருவதில்லை என்று கேட்டாள். சைலஸ் சிரித்தார். திங்கள் கூட்டம், செவ்வாய் ஆன்லைனில் படம் ஏற்றுவது, புதன் யாராவது அதிகாரி வருவது, வியாழன் அவர் வந்ததற்கு அறிக்கை, சனி அடுத்த கூட்டத்துக்கு ஏற்பாடு. “வெள்ளி ஒரு நாள்தான் என்ன யாரும் தேட மாட்டாங்க. பயிற்சில கீறேன்னு நெனச்சிப்பாங்க.”

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு விவசாயி சுருண்ட இலையோடு வந்து நின்றார். சைலஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பிக் கூப்பிட்டார். “டீனா மேடம், பாத்தீங்களா? இது வைரஸா, பூச்சியா? சரி, சரி, நீங்க கிளாஸுக்குப் போங்க.”

எலைனுக்கு இப்போதுதான் புரிந்தது. பாடம் எடுக்கும் டீனா ஓடி ஓடி வெளியே போனது இந்தப் போனுக்குத்தான். வராத ஒரே ஆள்தான் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் ஊர் ஊராக எடுத்த கணக்கில் மல்லேனஹள்ளியில்தான் மருந்துச் செலவு குறைவு, விளைச்சல் அதிகம். அதற்குக் காரணமும் பயிற்சிதான். பயிற்சி என்று ஒன்று இல்லாவிட்டால் சைலஸுக்குத் தப்பித்து வர ஒரு நாள் ஏது?

பெயரைச் சொல்லாமல், பயிற்சிக்கு வராத ஒருவருடைய பகுதி மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கிறது என்று மட்டும் அறிக்கை எழுதினாள். உண்மையை எழுதிவிட்டோம், ஆளையும் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

ராகவ் அதைப் படித்துத் துள்ளினான். பயிற்சியின் பயன் வராதவர் வரைக்கும் பரவியிருக்கிறது என்பது அவன் கண்டுபிடிப்பு. அப்படிப்பட்ட ஆளை மண்டபத்துக்கு அழைத்து மற்றவர்களுக்கு வகுப்பெடுக்க வைக்கவேண்டும் என்று பரிந்துரையும் சேர்த்தான். நன்றாக விளைந்த பகுதி எதுவென்று தெரிந்ததும் ஆள் யாரென்று பெருமாளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரமே உத்தரவு வந்தது: சைலஸ் இனி வெள்ளிதோறும் மண்டபத்தில் முதன்மைப் பயிற்றுநர்.

“நல்லா காப்பாத்தினம்மா” என்றார் சைலஸ் போனில். எலைனுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அவளும் பார்வையாளராகப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் சைலஸ், கழுத்தில் சந்தன மாலையோடு, கல்யாணத்துக்குச் சம்மதிக்காத மாப்பிள்ளை மாதிரி நின்றார். தலைப்பு, ‘விவசாயியை நேரில் சந்திப்பதன் அவசியம்’. இரண்டு வாக்கியம் பேசினார். மூன்றாவது வரவில்லை. பெருமாள் அவசரமாகத் தேநீர் இடைவேளை அறிவித்தார்.

எல்லாரும் வெளியே வந்தபோது, கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு தக்காளி வேன் நின்றிருந்தது. ரத்தினம்மாவும் ஊர்க்காரர்கள் சிலரும் வேரோடு பிடுங்கிய செடியோடு இறங்கினார்கள்.

“இன்னா சாரே, சுக்கிரவாரம் ஷெட்டுல காத்துக்கினு கீறோம், நீ இங்க மால போட்டுக்கினு நிக்கறே! மழ பேஞ்சி இலையெல்லாம் கருகிப்போச்சு.”

சைலஸ் மாலையைக் கழற்றி வேனின் மேல் போட்டுவிட்டுச் செடியை வாங்கினார். டீனா தேநீர்க் கோப்பையோடு குனிந்தார். “இன்னும் தண்டுக்கு எறங்கல. கீழ் இலைய எல்லாம் கிள்ளிடுங்க. பாய்ச்சறத ரெண்டு நாளைக்கு நிறுத்துங்க” என்று ஆரம்பித்தார். தூங்கிக்கொண்டிருந்த பின்வரிசைக்காரர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, “எங்க ஏரியாலயும் இதே மாதிரி கீது மேடம், ஆனா கறுப்பு வட்டமா வருது” என்றார். எலைன் அவர் குரலைக் கேட்பது அதுவே முதல்முறை. ஒருத்தர் எதிர்த்துப் பேசினார், ஒருத்தர் கேள்வி கேட்டார். ரத்தினம்மா எல்லாரையும் அதட்டினாள். டீ ஆறிப்போனது.

மாடிப்படியில் நின்று பெருமாள் கைதட்டினார். “எல்லாரும் உள்ள வாங்க! ஹால்ல நடந்தாத்தான் பயிற்சி!” ஒருவரும் திரும்பவில்லை. அவர் எலைனிடம் வந்தார். “மேடம், இத இன்னான்னு எழுதப் போறீங்க?”

எலைன் யோசித்தாள். நடந்ததை நடந்தபடி எழுதினால் ராகவ் இதற்கு ஒரு பெயர் வைப்பான். மாதிரி வண்டி நிறுத்துமிடம் என்று பலகை வரும். விவசாயிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, ஆளுக்கொரு தொப்பி கொடுத்துப் படம் எடுப்பார்கள். அதோடு கதை முடிந்தது.

“தேநீர் இடைவேளைன்னு எழுதறேன் சார்.”

“ஒரு மணி நேரமாவா?”

“கொஞ்சம் நீண்டுபோச்சு. அவ்ளோதான்.”

அப்படியே எழுதினாள். மதிப்பீட்டாளராகச் சேர்ந்த பிறகு அவள் தெரிந்தே எழுதிய முதல் பொய் அது. ராத்திரி அவளுக்கு நன்றாகவே தூக்கம் வந்தது.

மறுவாரம் ராகவ் போன் செய்தான். “எலைன், ஒரு விஷயம் பாத்தியா? போன வாரம் முதல்முறையா அஞ்சுக்கு அஞ்சு வந்திருக்கு. சாயங்காலத் தேர்வுலயும் மார்க் ஏறியிருக்கு. மத்த எல்லாம் அதேதான். டீ பிரேக் மட்டும்தான் நீளம். அதுலதான் விஷயமே இருக்கு!”

எலைன் சிரிப்பு வெளியே கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அறிக்கை மேலே போனது. வேளாண் விரிவாக்கப் பயிற்சியில் தேநீர் இடைவேளை இனி ஒன்றரை மணி நேரம் என்று முத்திரையோடு உத்தரவு கீழே வந்தது. மண்டபத்தில் சைலஸின் வகுப்பு அரை மணியாகச் சுருங்கியது. அந்த அரை மணியிலும் அவர் ஜன்னல் வழியே வேன் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

பெருமாளுக்கு ஒரே கவலை. எலைனுக்குப் போன் போட்டார். “மேடம், ஒன்றரை மணி நேரத்துக்கு வெறும் டீ குடுத்தா நல்லாருக்காதே. பஜ்ஜி சேத்துக்கலாமா?”

“சேத்துக்கோங்க சார். வர்ற ஊர்க்காரங்களுக்கும் சேத்துப் போடுங்க” என்றாள் எலைன்.