புருவத்துத் தழும்பு

"அந்தப் படத்த இறக்குடா. இது என் தங்கச்சி இல்ல."

நாற்காலியில் ஏறி, படச்சட்டத்தின் மூலைகளில் கறுப்பு நாடா கட்டிக்கொண்டிருந்த தோக்யு அப்படியே நின்றான். பூசான் மருத்துவமனையின் கீழ்த்தளத்து இரங்கல் கூடத்தில், வெள்ளைச் செவ்வந்திகளுக்கு நடுவே மியோங்ஜு சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தைய நாள்தான் இறந்திருந்தாள். தோக்யு அவளிடம் படம் வரையப் பழகியவன்.

"அவங்கதான், பெரியக்கா. கண்காட்சியில நானே எடுத்த போட்டோ. வெளிச்சம் மட்டும்தான் சரி பண்ணினேன்."

"கூடப் பொறந்தவளுக்குத் தெரியாதா?"

மியோங்ஜுவின் அக்கா ஓக்ஹி, சந்தையில் மீன்கடை வைத்திருப்பவள். செவுளைத் தூக்கிப் பார்ப்பவளைப் போலக் கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். கண் சரி. மூக்கு சரி. ஆனாலும் யாரோ போல இருந்தது.

தழும்பு! சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு இடது புருவத்தில் அல்லவா இருக்க வேண்டும்? படத்தில் அது வலது புருவத்தில் இருந்தது.

தோக்யுவின் முகம் வெளிறியது. "ஐயோ. புரட்டினவன் திருப்பவே இல்ல."

"என்னத்தப் புரட்டின?"

"வரையறப்போ படத்த இடம் வலமா மாத்திப் பாப்போம் பெரியக்கா. பாத்துப் பாத்துக் கண்ணுக்குப் பழகிடும்ல? மாத்தினா கோணல் பளிச்சுனு தெரியும். அக்காதான் திட்டித் திட்டிப் பழக்கினாங்க. அதே கையோட அச்சுக்கு அனுப்பிட்டேன்." கீழே இறங்கினான். "ஒரு மணி நேரத்துல வேற போட்டுட்டு வந்துடறேன்."

"வாசல்ல ஆள் வந்தாச்சு. படம் இல்லாம யாரைப் பாத்துக் கும்பிடுவாங்க?"

மியோங்ஜு வீடியோ விளையாட்டுகளுக்குப் படம் வரைந்தவள். தொடக்கத்தில் வாளும் கேடயமும் மருந்துக் குப்பியும்தான் கொடுத்தார்கள். மற்றவர்கள் அழகான தேவதைகளுக்குப் போட்டி போட்டபோது, இவள் யாரும் தொடாத பூதங்களைக் கேட்டு வாங்கினாள். "தேவதைக்கு ஒரே மூஞ்சிதான்க்கா. பூதத்துக்குத்தான் பசி, பொறாமை, பல்வலி எல்லாம் வரும்" என்பாள். பிறகு அவளுடைய பூதங்களுக்காகவே விளையாட்டுகள் விற்றன. மீன் வாங்க வருகிறவர்களின் கைபேசியில் அவை தெரிந்தால், ஓக்ஹி ஒரு கணவாய் மீனைக் கூடுதலாகப் போடுவாள்.

கடைசி மாதத்திலும் கட்டிலில் சாய்ந்தபடி வரைந்தாள். மடியில் பலகை, எதிரே கைக்கண்ணாடி. பல்லைக் காட்டுவாள், மூக்கைச் சுருக்குவாள், பிறகு வரைவாள். ஊசி போட வந்த நர்ஸ் ஒருமுறை பயந்தே போனாள்.

"எல்லாப் பூதமும் உன்னை மாதிரியேதான் இருக்குடி" என்றாள் ஓக்ஹி அப்போது.

"வேற யாரு காசு வாங்காம இவ்ளோ நேரம் மூஞ்சி காட்டுவா?"

தோக்யு படத்தைக் கழற்றக் கை நீட்டினான். ஓக்ஹி அவன் கையைப் பிடித்தாள்.

"விடு."

"தப்பா இருக்கே பெரியக்கா. அக்கா பாத்திருந்தா கொன்னுருப்பாங்க."

"நமக்குத்தான் தப்பு. அவ கண்ணாடியில பாத்த மூஞ்சி இதுதான். அதைப் பாத்துத்தான் அத்தனையும் வரைஞ்சா." நாடாவின் முடிச்சை இழுத்து இறுக்கினாள். "போய்க் கதவத் திற."

அலுவலகத்து ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். செவ்வந்தி வைத்து, இரண்டு முறை தரையில் விழுந்து வணங்கினார்கள். தழும்பை யாரும் கேட்கவில்லை.

மாட்டிறைச்சி சூப் தட்டோடு ஓக்ஹி பந்திக்குப் போனபோது, அங்கே சிரிப்புச் சத்தம். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு தாடிக்காரர், மியோங்ஜு காட்டும் பூதமுகத்தைச் செய்துகொண்டிருந்தார். ஓக்ஹியைக் கண்டதும் வாயை மூடி, எழுந்து நின்று தலை குனிந்தார்.

ஓக்ஹி கிண்ணங்களை ஒவ்வொன்றாக வைத்து முடித்தாள். பிறகு அவர்களுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"கீழ் உதட்ட இன்னும் கொஞ்சம் இழுக்கணும்" என்றாள். "எங்க, திரும்பச் செய்ங்க."