எந்தக் கத்திரி?

அந்த வருஷம் கோடைக்கு வழி தெரியாமல் போய்விட்டது போலிருக்கிறது. காலண்டர் கோடை வந்துவிட்டது என்று சத்தியம் செய்தது. தெருவில் ஒருவரும் ஸ்வெட்டரைக் கழற்றுவதாக இல்லை. ஐஸ்கிரீம் வண்டிக்காரர் ஒருநாள் வந்து மணி அடித்துப் பார்த்தார். எட்டிப் பார்க்க ஆளில்லாமல், மப்ளரை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு திரும்பிப் போனார். சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல காற்று கிடைக்காது. வீட்டுத் தோட்டம் போட்டவர்கள்தான் வானத்தைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

விதைத்த வெண்டை மண்ணுக்குள்ளேயே அழுகியது. தக்காளி இலைகள் ஊதா நிறமாகச் சுருண்டு, விருந்துக்கு வந்த இடத்தில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றன. கீரைக்கும் கொத்தமல்லிக்கும் மட்டும் கொண்டாட்டம். அவற்றை யார் கேட்டார்கள்?

பஞ்சுவின் வீட்டுப் பின்புறத்தில் கத்திரிச் செடிகள் தொட்டிகளில் வரிசையாக இருந்தன. நட்ட அன்று இருந்த உயரம்தான் இன்றைக்கும். பஞ்சு என்பது அவருக்கு டிப்போவில் வைத்த பெயர். பஸ் ஓட்டிய காலம் முழுக்க, தூங்கும் பயணி கண் விழிக்காதபடி பிரேக் போடுவார் என்று வைத்தார்கள். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் அந்தப் பெயர் வீட்டுக்கும் வந்துவிட்டது. வேலைதான் வரவில்லை.

வீட்டில் வேலை இல்லாமல் இல்லை. அவர் மனைவி தையல்காரி. விடிந்தால் மெஷின், வெயில் சாய்ந்தால் தோட்டம். ஆனால் அந்த அம்மாள் ராஜ்யத்தில் இரண்டு பொருள்களைத் தொட பஞ்சுவுக்கு உரிமை கிடையாது. ஒன்று, துணி வெட்டும் கத்திரி. ஒருமுறை அதில் பால் பாக்கெட்டை வெட்டிவிட்டு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். மற்றது, செடி. போன வருஷம் அவரை நம்பிக் கொடுத்த அவரைக்கொடி, அவர் ஆசை ஆசையாக ஊற்றிய தண்ணீரில் மூழ்கியே செத்தது.

"உங்க கைக்கு ராசி இல்லைங்க. ஸ்டீயரிங் பிடிச்ச கை. செடிக்கு ஆகாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள் அவள்.

பஞ்சுவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பகல் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு, அந்தக் கை எதற்கும் ஆகாது என்று கேட்பது எப்படி இருக்கும்? ஒரே ஒரு தொட்டி, தன்னுடையது என்று ஒன்று, கொடுத்தால் போதும் என்று கேட்டுப் பார்த்தார்.

"முதல்ல இந்தக் கத்திரி பிழைக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றாள். அன்றிலிருந்து பஞ்சு காலையில் எழுந்தவுடன் போய்ப் பார்ப்பது அந்தச் செடிகளின் முகத்தைத்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்ப்பார்.

அந்த வாரம் அவள் தங்கை வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. தங்கை மகளின் கல்யாணத்துக்கு அளவெடுக்க வேண்டும். ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை வந்துவிடுவாள். மதியம் வரை பின்புறக் கூரைக்கு வெளியே மேஜை போட்டுத் துணி வெட்டிக்கொண்டிருந்தவள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று துணியை வாரி உள்ளே போட்டுவிட்டு ஓடினாள். சாயங்காலம் போன் வந்தது. பஸ் இரைச்சலில் பாதிதான் கேட்டது.

"என்னங்க, கத்திரியை வெளியிலேயே விட்டுட்டு வந்துட்டேன். மழை வரும்போல இருக்கு. இருட்டுறதுக்குள்ள உள்ள எடுத்து வச்சிடுங்க."

பஞ்சு போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "நானா?"

"வேற யாரு இருக்கா அங்க? பத்திரமா எடுங்க, கீழ போட்டுடாதீங்க. தையல் ரூம்லயே வைங்க."

"தையல் ரூம்லயா?"

"ஆமா. அப்படியே வைக்காதீங்க, துணியைச் சுத்தி வைங்க. ஈரம் ஆகாது அதுக்கு." லைன் போய்விட்டது.

தொடாதே தொடாதே என்றவள், தொடு என்கிறாள். பஞ்சுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துணி வெட்டும் கத்திரி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அப்போது அவர் நினைவில் இல்லை. தொடக் கூடாத பொருளைப் பற்றி மனுஷன் எதற்கு நினைக்கப் போகிறார்? செடியைத் துணி சுற்றித் தையல் அறையில் வைப்பது கொஞ்சம் விசித்திரமாகத்தான் பட்டது. ஆனால் விசில் கேட்டால் வண்டியை எடுக்க வேண்டும், ஏன் என்று கண்டக்டரைக் கேட்கக் கூடாது. வாழ்நாள் முழுக்க அவர் கடைப்பிடித்த சட்டம் அது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தொட்டி ஒவ்வொன்றும் ஈரமண்ணோடு இடுப்பை ஒடிக்கிற கனம். பிள்ளைத்தாச்சியைக் கூட்டிப் போகிற மாதிரி ஒவ்வொன்றாக அணைத்துத் தூக்கி, சமையலறையைக் கடந்து, கூடத்தில் திரும்பி, ஓர் இலை கதவில் உரசாமல் தையல் அறைக்குள் கொண்டுபோனார். மதில் மேலிருந்து பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவருடைய தக்காளிகளுக்கு இருமல் மருந்து பாட்டில் அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"என்ன சார், வீடு மாத்துறீங்களா?"

"மேலிடத்து உத்தரவு" என்றார் பஞ்சு மிடுக்காக.

பிறகு துணி. அலமாரியில் கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து ஒவ்வொரு செடிக்கும் சுற்றினார். இளஞ்செடிக்கு மெல்லிய லைனிங், கொஞ்சம் தேறியதற்குப் பட்டுத் துண்டு. கடைசிச் செடிக்குத் துணி தீர்ந்துபோய், மனைவி தனக்கென்று பாதி தைத்து வைத்திருந்த ரவிக்கையின் கையை மாட்டிவிட்டார். அளவு கச்சிதமாக இருந்தது.

அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது பிடித்தது மழை. வெறும் மழை இல்லை, ஆலங்கட்டி. கொண்டைக்கடலை அளவில் ஆரம்பித்து, கூரைத் தகரத்தைக் கிழித்துவிடும்போல் கொட்டித் தீர்த்தது. அட்டைப்பெட்டிகள் நனைந்து சரிவது மதிலுக்கு அப்பால் கேட்டது. பஞ்சு தையல் அறையில் மெஷின் நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றிலும் பட்டுடுத்தி நிற்கும் கத்திரிச் செடிகளைப் பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு நிம்மதியாக அவர் உட்கார்ந்ததில்லை. என்னை நம்பிச் சொன்னாளே என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டார்.

காலையில் தெரு முழுக்கத் தோட்டங்கள் துவைத்துப் போட்ட மாதிரி கிடந்தன. மருந்துக்கடைக்காரர் தக்காளித் தண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மதிலருகே நின்றார்.

"எப்படி சார் தெரிஞ்சது உங்களுக்கு? ரேடியோகாரனுக்கே தெரியலையே! கைராசின்னா இதுதான்."

கைராசி! பஞ்சு வாயைத் திறப்பதற்குள் பின்புறத்திலிருந்து ஒரு கூச்சல். மனைவி முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, பக்கவழியாகத் தோட்டத்தைப் பார்க்க நேரே அங்கே போயிருந்தாள். மேஜை மேல் தேங்கிய தண்ணீரில் அவளுடைய கத்திரி கிடந்தது. மூக்கில் துருப் பூத்திருந்தது.

"போன் போட்டு அவ்வளவு சொன்னேனே! கத்திரியை உள்ள எடுத்து வைங்கன்னு!"

"எடுத்து வச்சேனே. எல்லாத்தையும் எடுத்து வச்சேன்" என்றபடி ஓடி வந்தார் பஞ்சு.

"எல்லாத்தையுமா? இந்த வீட்ல இருக்கிறதே ஒரு கத்திரிதானே!"

சொன்ன பிறகுதான் தொட்டிகள் இருந்த இடம் காலியாக இருப்பது அவள் கண்ணில் பட்டது. உள்ளே ஓடினாள். தையல் அறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். லைனிங், பட்டு, சரிகை. மூலையில் தன் ரவிக்கைக் கையை மாட்டிக்கொண்டு ஒரு செடி. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தரையில் உட்கார்ந்து சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

பஞ்சு சிரிக்கவில்லை. மேஜையிலிருந்து எடுத்த துருப்பிடித்த கத்திரியுடன் அறை வாசற்படியில் நின்றார்.

"அப்போ செடியை என்னை நம்பிச் சொல்லலையா நீ?"

அவள் சிரிப்பு நின்றது. அந்த மனுஷர் முகம் விழுந்திருந்த விதத்தைப் பார்த்து அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் நடந்ததை அவள் வரும்போதே பார்த்திருந்தாள். ஊரில் ஒரு கத்திரிச் செடி மிச்சமில்லை. இவள் அறையிலோ ஓர் இலைகூடக் கிழியவில்லை. அவ்வளவு கனத்தை ஒருத்தராகத் தூக்கியிருக்கிறார்.

"எனக்கு ஆலங்கட்டி விழும்னெல்லாம் தெரியாதும்மா. நீ சொன்னே, செஞ்சேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் ராசி அது இதுன்னு..." என்று இழுத்தார் பஞ்சு.

"அதைக் கொடுங்க இப்படி" என்று கத்திரியை வாங்கினாள். மெஷின் எண்ணெய் தொட்டுத் துருவைத் துடைத்தபடி, அவரைப் பார்க்காமலே சொன்னாள்: "வெயில் வந்ததும் செடியெல்லாம் வெளிய வைங்க. சாயங்காலம் உள்ள எடுங்க. எனக்குத் தூக்க முடியாது."

குளிர் அதற்குப் பிறகும் சட்டென்று விட்டுவிடவில்லை. தினமும் காலையில் செடிகள் வெளியே போயின, மாலையில் உள்ளே வந்தன. சீக்கிரமே பஞ்சுவுக்கு யாரும் விசில் அடிக்க வேண்டியிருக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் புதிய நாற்று வாங்கி நட்டுவிட்டு, எப்போது வெளியே வைக்கலாம் என்று மதில்மேல் வந்து யோசனை கேட்டார். "ரெண்டு கத்திரியும் வந்தாச்சு. அந்தக் கத்திரி வெயிலைத்தான் காணோம்" என்று மனைவி வானத்தைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தாள்.

அதுவும் ஒருநாள் வந்தது. பூ உதிராமல் நின்றது, பிஞ்சு பிடித்தது. ரவிக்கைக் கை மாட்டியிருந்த செடியில்தான் முதல் காய். ஊதாவாக, எண்ணெய் தேய்த்த மினுமினுப்போடு தொங்கியது.

மனைவி பின்புறத்திலிருந்து கூப்பிட்டாள். "என்னங்க, கத்திரியை எடுத்துட்டு வாங்க."

பஞ்சு கூடத்தில் நின்று யோசித்தார். பட்ட அடி மறக்குமா? "எந்தக் கத்திரி?"

"மெஷின் மேல இருக்கே, அது."

துணிக் கத்திரியை இரண்டு விரலால் ஏந்திக்கொண்டு வந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீங்களே வெட்டுங்க."

"இதாலயா? துணி வெட்டுறதாச்சே?"

"தெரியும். வெட்டுங்க."

பஞ்சு குனிந்தார். செடி குலுங்காமல், கிளை அறியாமல், காம்பை நறுக்கினார். காய் உள்ளங்கையில் வெயில் சூட்டோடு விழுந்தது. அவள் கத்திரியை வாங்கிப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"காலித் தொட்டி ஒண்ணு கிடக்கு. உங்களுக்கு அதுல என்ன போடணும்?"

"வெண்டை" என்றார் பஞ்சு. யோசிக்கவே இல்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் யோசித்து வைத்திருந்த பதில் அது.