வேலிக்குக் கவ்வாத்து

இந்த வருஷம் மாரியம்மன் திருவிழா அன்னதானத்துக்குப் பூசணிக்காய் முழுவதும் தன் தோட்டத்திலிருந்துதான் என்று மீனாம்பாள் கோயிலில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். வெலிமடைச் சந்தையிலிருந்து ஒரு காய்கூட வாங்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னாள். சொன்னால் சொன்னதுதான், அவள் பின்வாங்குகிற ஆள் இல்லை.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், லயத்து வீடுகளுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு துண்டு நிலம். சுற்றிலும் காட்டுச் சூரியகாந்தி வேலி, ஆளுயரத்துக்கு மஞ்சளாகப் பூத்து நிற்கும். அதில் தேனீ, வண்ணத்துப்பூச்சி, கொண்டைக்குருவிக் கூடு எல்லாம் உண்டு. வேலியோரத் தக்காளி குருவிக்கு, உள்வரிசை வீட்டுக்கு. இது அவள் போட்ட சட்டம். குருவிகளும் ஓரளவுக்கு மதித்தன.

அவள் புருஷன் முத்தையாவுக்குத்தான் அந்த வேலியைக் கண்டால் கை துறுதுறுக்கும். கவ்வாத்து வெட்டுவதில் அவரை அடிக்க அந்த எஸ்டேட்டில் ஆள் கிடையாது. அவர் கத்தி பட்ட தேயிலைச் செடிகள் மேசை போட்டது மாதிரி மட்டமாக நிற்கும். வேலிக்குள் பாம்பு கிடக்கிறது என்று யாரோ சொன்னது அவருக்குச் சாக்காகிவிட்டது. மீனாம்பாள் கொழுந்து பறிக்கப் போயிருந்த ஒரு பகலில் கவ்வாத்துக் கத்தியோடு இறங்கிவிட்டார். அவள் திரும்பி வந்தபோது வேலி இடுப்பளவில், ஒரு பூ இல்லாமல் மொட்டையாக நின்றது.

“எப்படி?” என்றார் முத்தையா பெருமையாக.

“தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவாங்க. வேலிக்கு யாருங்க வெட்டச் சொன்னது?”

“இனிமே பாம்பு வராதுல்ல?”

“தேனீயும் வராது.”

அப்படியே ஆயிற்று. பூசணி பூத்தது, தேனீயைக் காணோம். பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்ந்தன. கோயிலில் கொடுத்த வாக்கு மீனாம்பாளின் கண்முன் நின்றது. ஆனாலும் உட்கார்ந்து அழுகிற ரகமா அவள்? ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புருஷன் கையில் கொடுத்தாள்.

“தேனீய வெரட்டுனது நீங்க. அதோட வேலைய நீங்களே பாருங்க.”

அதன்பிறகு காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் முத்தையா குனிந்து குனிந்து பெண்பூக்களில் மகரந்தம் தடவினார். தண்ணீர்ப் பீலியில் குடத்தோடு நின்றவர்களுக்குக் கொண்டாட்டம். “அண்ணே, சும்மா போனா எப்புடி? ரீங்காரம் போடுங்க!” என்று கத்தினார்கள். மனுஷருக்கு மானம் போயிற்று. ஆனால் பிஞ்சுகள் நின்று திரளத் தொடங்கியதும் மீசையைத் தடவிக்கொண்டார். கொடிப்பக்கம் ஒருவரையும் கால் வைக்க விடவில்லை.

திருவிழாவன்று அன்னதானப் பந்தலில் பூசணிக்காய்ச் சாம்பார் அண்டா அண்டாவாகக் கொதித்தது. அத்தனையும் மீனாம்பாள் தோட்டத்துக் காய். அவள் தலை நிமிர்ந்து பரிமாறிக்கொண்டு வந்தபோது, பந்தியில் முத்தையாவுக்குப் பக்கத்தில் இருந்த கங்காணி கேட்டார்:

“முத்தையா, எங்க வேலியும் காடா கெடக்கு. நாளைக்கு வந்து மட்டமா வெட்டிக் குடுப்பா.”

மீனாம்பாளின் கை கரண்டியோடு நின்றது. வெட்டக் கூப்பிட்டு முத்தையா மறுத்ததாகச் சரித்திரமே கிடையாது.

“அடிக் கெளைய எடுத்துத் தாறேங்க, பாம்பு அண்டாது. மேல கத்தி வைக்க மாட்டேன். பூ இருக்கு, தேனீ வேலை செய்யுது.”

கங்காணி சிரித்தார். முத்தையா சிரிக்கவில்லை.

“சிரிக்காதீங்க. அந்த வேலைய நான் பாத்திருக்கேன். இடுப்பு ஒடிஞ்சிரும்.”