வேலாயி எடுத்துக்கொடுத்த கத்தி

வேலாயி செத்த பதினேழாம் நாளிலிருந்து, வட்டவளைக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப்பாதையில் யாருடைய கத்தியும் வைத்த இடத்தில் இருக்கவில்லை. அது 1956, மழை விடாத ஆனி மாதம். கொழுந்து நிறுத்துவிட்டுத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குத் தனியே திரும்பியவளை மூங்கில் வளைவில் யாரோ கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள். தற்காப்புக்கென்று அவளும் ஒரு மடக்குக் கத்தி வைத்திருந்தாள். அதை முந்தானையில் முடிந்து, இடுப்பில் சொருகி, மேலே மழைக்குப் படங்குச் சாக்கைக் கட்டியிருந்தாள். பிணத்தைத் தூக்கியபோது முடிச்சு பாதி அவிழ்ந்திருந்தது.

தோட்டத்து மருத்துவச்சி தெரேசாவுக்கு மேல் லயத்துக்குப் போக அந்தப் பாதையைவிட்டால் வேறு வழியில்லை. நூர்தீன் கடையில் ஒரு கத்தி வாங்கினாள். "எங்க வச்சுக்கப் போறீங்க தங்கச்சி? அவசரத்துக்குக் கை போற இடமா இருக்கணும்" என்றார் நூர்தீன். முதல் நாள் ரவிக்கைக்குள் வைத்தாள். வளைவு வந்ததும் தேயிலைக் கறை மணக்கும் குளிர்ந்த விரல்கள் அதை உருவி, விரித்து, பிடியை அவள் உள்ளங்கையில் வைத்தன. போட்டுவிட்டு ஓடினாள். மறுநாள் போய் எடுத்துவந்து குடை மடிப்பில் வைத்துப் பார்த்தாள். அடுத்த வாரம் மருந்துப் பையின் அடியில் வைத்துத் தைத்தாள். விரல்கள் அவசரப்படாமல் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தன. பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார்; திரும்பும்போது அவருடைய பென்சில் சீவும் கத்தி விரிந்தபடி அவர் கையில் இருந்தது. அடுப்படியில் உட்கார்ந்தாலும் தெரேசாவின் வலது உள்ளங்கை சூடேறவில்லை. ஒருநாள் வளைவில் நின்று அழுதாள். "ஒங்களுக்கு எடுக்க முடியாமப் போச்சேக்கா" என்றாள். பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, மத்தியானம் மூன்று மணிக்கு, பனிமூட்டத்துக்குள்ளிருந்து காவக்காரன் மூக்கன் வந்து அவள் குடைக் கையைப் பிடித்தான். வேலாயியின் பாடைக்குத் தோள் கொடுத்தவன். கத்தி பைக்குள் இருந்ததா, மடியிலா என்று தெரேசா நினைக்குமுன் அது கைக்கு வந்துவிட்டது. மூக்கன் கத்தியைப் பார்க்கவில்லை. அவளுக்கு வலப்பக்கம் பார்த்தான்.

"நீ செத்துட்டியே... நாந்தானே ஒன்னைய..." என்றவன் பிடியை விட்டுவிட்டு ஓடினான். கீழே, கொழுந்து நிறுக்க நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் விழுந்து எல்லாவற்றையும் அவனே சொன்னான். பொலிஸ் வந்து கூட்டிப்போகும்வரை தன் வலப்பக்கம் திரும்பவே இல்லை.

இனி வேலாயி போய்விடுவாள் என்று பேசிக்கொண்டார்கள். அவள் போகவில்லை. கத்தியை எங்கே வைப்பது என்று புதிதாக வந்த பெண்கள் கேட்டால், "எங்க வேணும்னாலும் வைங்க. வளைவுக்கு அப்புறம் அக்கா பாத்துக்குவாங்க" என்பாள் தெரேசா. 1961இல் மழைக்குச் சரிந்த பாதையைத் திரும்ப வெட்டியபோது, ஒற்றை ஆள் நடந்த இடத்தை இரண்டு ஆள் அகலத்துக்கு வெட்டினார்கள். மேற்பார்வைக்கு வந்த கண்டாக்கு ஐயா காரணம் கேட்கவில்லை. இடது ஓரமாக ஒதுங்கி நடந்து போனார்.