முள்ளாட்டைக்கு இரண்டாவது சாட்சி

காவியா பலகையின் நடுவில் ஐந்து வில்லைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். மு, ள், ளா, ட், டை.

எதிரில் உட்கார்ந்திருந்த செந்தமிழன் குனிந்து பார்த்தான். மங்கலம்பேட்டையில் தமிழாசிரியர். மூன்று வருடமாக இந்தச் சொற்போட்டியில் கோப்பையை வேறு யாருக்கும் கொடுக்காதவன்.

"மல்லாட்டைன்னா நெலக்கடல, தெரியும். வறுத்தும் தின்னுருக்கேன், அவிச்சும் தின்னுருக்கேன். அது என்னங்க முள்ளாட்டை?"

மண்டபம் சிரித்தது. மூன்றாம் வரிசையில் இருந்த அம்புஜவல்லி சிரிக்கவில்லை. அவளது வலது கட்டைவிரல் தானாகவே உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அந்த விரலின் உட்புறத்தில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு உண்டு. அரிவாள்மனையில் அறுத்துக்கொண்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

"ஆட்சேபிக்கிறேன்" என்றான் செந்தமிழன்.

நடுவர் கனகசபாபதி அகராதியைப் புரட்டினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அம்புஜவல்லியின் காலஞ்சென்ற கணவருக்கு அண்ணன். காவியா தன் தம்பி வீட்டு மருமகள் என்பதால் சலுகை காட்டினார் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்பதில் அவருக்கு அக்கறை அதிகம். பக்கத்தை இரண்டு முறை பார்த்தார்.

"இல்லை. என்ன பொருள் சொல்றம்மா?"

காவியா எழுந்து நின்றாள். "பூச்சு போட்ட கப்ப சூளையில வைக்கும்போது அடியில குடுக்கிற மூணு முள்ளு வச்ச சின்ன மண்துண்டு, பெரிய மாமா. அது இல்லன்னா பூச்சு உருகி கப்பு தட்டோட ஒட்டிக்கும். எங்கம்மா வேல பாத்த பட்டறையில அப்பிடித்தான் சொல்லுவாங்க."

காவியாவின் அம்மா பெரியநாயகி இறந்து எட்டு மாதம் ஆகிறது. இருபத்தேழு வருடம் விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் பட்டறைகளில் வேலை செய்தவள்.

செந்தமிழன் குரலைத் தாழ்த்தினான். "தப்பா எடுத்துக்காதீங்க. வேல செய்யிற எடத்துல நாலு பேரு அவங்களா ஒரு பேரு வச்சிக்குவாங்க. அதெல்லாம் சொல்லுன்னு ஆயிடுமா?"

"அதுக்குத்தான் சாட்சி விதி இருக்குது" என்றார் கனகசபாபதி.

போட்டியை நடத்தும் சங்கத்தின் விதி அது. அகராதியில் இல்லாத சொல்லுக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஆடுகிறவரின் பிறந்த வீட்டாராக இருக்கக் கூடாது. இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல், பொருள் என்ன, எங்கே, எந்த வேலையில், யாரோடு அந்தச் சொல்லைப் புழங்கினார்கள் என்று தனித்தனியே எழுதித் தர வேண்டும். நடுவர் அதைச் சபையில் படிப்பார். இரண்டும் ஒத்துப்போனால் சொல் செல்லும், சங்கத்தின் ஏட்டிலும் ஏறும். இல்லையென்றால் வைத்தவரே தன் கையால் வில்லைகளை எடுக்க வேண்டும். அரைமணி நேரம் அவகாசம்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "நான் சொல்றேங்க. எனக்கு எழுத வராது. யாராச்சும் எழுதிக்கிட்டா சொல்றேன்."

பாஞ்சாலை. பெரியநாயகியின் தோழி. இன்னமும் பட்டறை வேலைதான். தோழியின் மகள் ஆடுவதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமையில் தலைக்குக் குளித்து வந்திருந்தாள். பக்கத்து அறைக்குப் போகிற வழியில் மூன்றாம் வரிசையைக் கடந்தாள். அம்புஜவல்லியின் மேல் அவள் கண் ஒரு நொடி பட்டது, உடனே விலகியது. முப்பத்திரண்டு வருடமாகக் கடைத்தெருவில் எதிர்ப்படும்போதெல்லாம் அந்தக் கண் அப்படித்தான் விலகிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு சாட்சி வேண்டும்.

அம்புஜவல்லியின் மகனும் காவியாவின் கணவனுமான ஸ்ரீசரண் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். பட்டறைகளுக்கு விடுமுறை. அவன் மாமியார் பெரியநாயகியோடு வேலை செய்த ஒரு பெண் கல்யாணத்துக்காகத் திட்டக்குடி போயிருந்தாள். இன்னொருத்தியின் போன் அணைந்திருந்தது. மூன்றாவதாக எடுத்தது காவியாவின் சித்தி. அவள் பிறந்த வீட்டு மனுஷி.

"என்னம்மா பண்றது?" என்று உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. "ஒருத்தரு கெடைக்கல. இந்த ஊருல எத்தினி ஆயிரம் பேரு அந்த வேல பாத்திருப்பாங்க!"

அம்புஜவல்லி கட்டைவிரலை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஸ்ரீசரணுக்கு நான்கு வயதாக இருந்தபோது அவன் அப்பா போனார். அவர்கள் மூத்தார் கனகசபாபதியின் வீட்டில் இருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் பையனுக்கு ஒரு பிஸ்கட் வாங்க வேண்டுமென்றாலும் ஒருவரைக் கேட்க வேண்டியிருந்தது. 'நம்ம வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போறதா இருந்தா வாத்தியார் வேலைக்குத்தான்' என்பார் கனகசபாபதி. ஆசிரியர் வேலை உடனே கிடைத்துவிடுமா? பெண்ணாடத்தில் டியூஷன் எடுப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு, காலையில் பஸ் நிலையம் வரை போய், அங்கிருந்து தொழிற்பேட்டைக்கு நடந்தாள். சூளையிலிருந்து வந்த கப்புகளை முள்ளாட்டையிலிருந்து பிரித்து, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளைக் கல்லால் தேய்ப்பது அவள் வேலை. சூடு ஆறுவதற்கு முன் பிரித்தால் விரல் கிழியும். முதல் வாரமே கிழிந்தது. அன்று தன் முந்தானையைக் கிழித்துக் கட்டுப்போட்டவள் பாஞ்சாலை.

பிறகு பள்ளிக்கூட வேலை கிடைத்தது. டீச்சரம்மா ஆனாள். அந்த இரண்டு வருடத்தையும் மறைத்துவிட்டாள்.

மறைத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஸ்ரீசரண் காவியாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றபோது, "மண்ணு பெசையற வூட்டுலயா பொண்ணு எடுக்கறது?" என்று கேட்டது அவள்தான். ஒரு வருடம் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதும் அவள்தான். தன்னை யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் அந்த வார்த்தையைக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். பெரியநாயகி அப்போது ஒன்றும் பேசவில்லை. கல்யாணத்தன்று ஆறு கப்புகளைப் பழைய புடவையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்புஜவல்லி அவற்றைப் பரணில் ஏற்றினாள். அவை இன்னும் அங்கேயே இருக்கின்றன.

"நேரம் முடியுதும்மா" என்றார் கனகசபாபதி. அவர் குரலில் வருத்தம் இருந்தது. "ஒரு சாட்சிதான். எடுத்துடு."

காவியா பலகையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு கை நீட்டி 'மு'வை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். அடுத்து 'ள்'. அவள் அழவில்லை. அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள் மருத்துவமனையிலிருந்து வந்த துணிப்பையைப் பிரித்து, அம்மாவின் கண்ணாடி, சீப்பு, செருப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோதும் அவள் முகம் இப்படித்தான் இருந்தது.

'ளா'வின் மேல் விரல் பட்டபோது அம்புஜவல்லி எழுந்துவிட்டாள்.

"இரு காவியா. எடுக்காத."

ஸ்ரீசரண் திரும்பினான். "என்னம்மா?"

"எனக்குத் தெரியும். நான் எழுதித் தரேன்."

கனகசபாபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அம்புஜம், இது விளையாட்டு இல்ல. மருமகளுக்காகன்னு..."

"விளையாட்டுதானே சார் நடக்குது" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

செந்தமிழன் விதிப்புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தான். "பிறந்த வூட்டாருதான் கூடாதுன்னு போட்டுருக்குது. மாமியாரு வந்து மருமவளுக்கு சாட்சி சொல்லுவாங்கன்னு எழுதினவரு கனவுலயும் நெனச்சிருக்க மாட்டாரு. எனக்கு ஆட்சேபணை இல்லீங்க."

அம்புஜவல்லி தாளை வாங்கி, நின்றபடியே எழுதினாள். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினாள். இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் எழுதிய கை. கொடுத்துவிட்டு உட்காராமல் நின்றாள்.

கனகசபாபதி முதலில் பாஞ்சாலை சொன்னதைப் படித்தார். "பொருள்: மூணு முள்ளு மண்துண்டு, கப்புக்கு அடியில வைக்கிறது. எங்கே: தொழிற்பேட்டை. வேலை: பிரிக்கிறது, தேய்க்கிறது. சூடு ஆறாம பிரிச்சா வெரலு கிழியும். யாரோடு: நாலஞ்சு பேரு."

அடுத்த தாளை எடுத்தார். படிக்க ஆரம்பித்தவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"படிங்க மாமா. முழுசா படிங்க" என்றாள் அம்புஜவல்லி.

"பொருள்: சூளையில் கப்பைத் தாங்கும் மூன்று முள் உள்ள மண்துண்டு. கப்பின் அடியில் மூன்று புள்ளி விழும். எங்கே: தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு ஆவணி முதல் இரண்டு வருடம் நாலு மாதம். வேலை: கப்பு பிரித்தல். சூடு ஆறும் முன் பிரித்து என் கட்டைவிரல் கிழிந்திருக்கிறது. யாரோடு..." அவர் குரல் தாழ்ந்தது. "பாஞ்சாலையோடு."

ஸ்ரீசரண் அம்மாவைப் பார்த்தான். காவியா மாமியாரின் விரலைப் பார்த்தாள்.

"பாஞ்சாலை, நீ இவங்க பேர சொல்லலையே" என்றார் கனகசபாபதி. "விதிப்படி யாரோடுன்னு ஒத்துப்போவணும்."

அறையிலிருந்து வந்து நின்றிருந்த பாஞ்சாலை முந்தானை நுனியைத் திருகினாள். "அவங்க வெளிய சொல்லாத சேதிய நா எப்பிடிங்க சொல்லுவேன்? கல்யாணப் பேச்சப்போ எனக்கு ஆத்திரம் தாங்கல. பெரியநாயகிகிட்ட போட்டு ஒடச்சிட்டேன். 'மண்ணு பெசையற வூடுன்னு சொன்னாங்களே, அவங்களும் எங்கூட பெசஞ்சவங்கதாண்டி, போயி கேளு'ன்னேன். அவதான் என் வாய அடச்சா. 'அவங்களே மறைக்கிறாங்கன்னா அதுல எதுனா வலி இருக்கும். எம் பொண்ணு போயி வாழப்போற வூடு. நீ மூச்சு வுடக்கூடாது'ன்னு தலையில அடிச்சி சத்தியம் வாங்கிட்டா. இப்ப அவங்களே சொல்லிட்டாங்க. ஆமாங்க, எங்கூடதான். அம்புஜம்னு கூப்புடுவோம்."

அம்புஜவல்லி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பெரியநாயகி தெரிந்தே அந்த ஆறு கப்பையும் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறாள்.

"சொல் செல்லும்" என்றார் கனகசபாபதி. ஏட்டைத் திறந்து, முள்ளாட்டை என்று எழுதி, பொருளும் எழுதி, இரண்டு சாட்சிகளின் பெயரையும் எழுதினார். எழுதிவிட்டுத் தலை நிமிராமலே கேட்டார். "பெண்ணாடத்துல டியூஷன்னு சொன்னியேம்மா."

"ஆமாம் மாமா."

"சாயங்காலம் வரும்போது கையெல்லாம் வெள்ளையா இருக்கும். நான் சாக்பீஸுன்னு நெனச்சேன்." ஏட்டை மூடிவிட்டு, "கேட்டிருக்கணும்" என்றார்.

காவியா எடுத்த இரண்டு வில்லைகளையும் அதே இடத்தில் வைத்தாள். ஆட்டம் தொடர்ந்தது. கடைசியில் செந்தமிழன் நான்கு புள்ளியில் ஜெயித்தான். கோப்பையை வாங்கிக்கொண்டு வந்தவன், "அடுத்த வருஷம் முள்ளாட்டைய நான் வைக்கிறேன் பாருங்க. ஒருத்தரும் ஆட்சேபிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, அம்புஜவல்லியைப் பார்த்துக் கைகுவித்தான்.

வாசலில் ஸ்ரீசரண் வண்டியை எடுக்கப் போனான். போகும்போது அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். மாமியாரும் மருமகளும் தனியாக நின்றார்கள்.

"அப்பிடி பேசினது தப்பு காவியா" என்றாள் அம்புஜவல்லி. "மன்னிப்பு கேக்கிற தகுதிகூட..."

காவியா அவள் வலது கையை எடுத்துக் கட்டைவிரலைத் திருப்பினாள். தழும்பை வெகுநேரம் பார்த்தாள். "அம்மாவுக்கும் இதே எடத்துல இருந்துச்சு."

"ம்."

"அவங்க இருக்கும்போது சொல்லியிருக்கலாம் அத்தை."

அம்புஜவல்லி தலை குனிந்தாள். காவியா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆனால் கையை விடவில்லை.

பாஞ்சாலை செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். "நா கெளம்புறேன் கண்ணு. போயிட்டு வரேங்க டீச்சரம்மா."

"பாஞ்சாலை" என்று கூப்பிட்டாள் அம்புஜவல்லி. "வூட்டுக்கு வா. டீ குடிச்சிட்டுப் போ."

பாஞ்சாலை நின்றாள். அவள் கண் இந்த முறை விலகவில்லை. "முப்பது வருஷம் கழிச்சி கூப்புடுறீங்க. எதுல குடுப்பீங்க? பேப்பர் கப்புலயா?"

"பெரியநாயகி குடுத்த கப்புல."

காவியா நிமிர்ந்து பார்த்தாள். கண்களைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"பரண்மேல பெரிய பெட்டிக்குப் பின்னால இருக்குது" என்றாள். "ஏணியப் புடிச்சிக்க ஆளு வேணும்."

"நான் புடிச்சிக்கிறேன்" என்றாள் அம்புஜவல்லி.