கட்டுப் போட்ட சர்க்கரைப் பொம்மை

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, வாசலோரம் காற்று வீசுகிறது. நாபல் ஊர் மனூபியாவின் இடுப்பு வலியைச் சொல்லப்போகிறேன். சிரிக்காமல் கேட்டு முடிப்பவருக்கு ஒரு கை பாதாம் தருகிறேன்.

மனூபியாவின் மகனுக்குக் கல்யாணம் இன்னும் இருபது நாளில். மாப்பிள்ளையின் அம்மா மேளத்துக்கு எழுந்து ஆடாவிட்டால், மருமகளைப் பிடிக்கவில்லை என்று ஊரே முடிவு கட்டிவிடும். அவளுக்கோ அந்தப் பெண் என்றால் கொள்ளை ஆசை. ஆனால் மூன்று மாதமாக வலக்காலை எடுத்து வைத்தாலே உயிர் போனது. முதுகுவலி என்று சொல்லிக்கொண்டு, முதுகில் தேய்க்காத தைலம் இல்லை.

முஹர்ரம் புத்தாண்டுக்கு அந்த ஊர் வழக்கப்படி மருமகளாக வரப்போகிறவளுக்குக் கொடுக்கவேண்டிய, பெண் உருவச் சர்க்கரைப் பொம்மையை வாங்கிக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்குப் போகிற வழியில் மருத்துவமனைக்குள் நுழைந்தாள். அங்கே டாக்டராக உட்கார்ந்திருந்தவன் ஹாத்திம். மகனோடு படித்தவன், அவள் கையால் கூஸ்கூஸ் சாப்பிட்டு வளர்ந்தவன். இவனிடமா சொல்வது என்று கூசிப்போனாள்.

எங்கே வலி என்று கேட்டான். முதுகைக் காட்டினாள். ஒற்றை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னான். அப்போதும் முதுகுதான். நடக்கச் சொன்னான்; ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். குனிய வைத்தான், முதுகெலும்பைத் தட்டிப் பார்த்தான், ஒன்றும் வலிக்கவில்லை. காலுறை மாட்டும்போது வலிக்குமா என்றதும்தான் அவள் முகம் சுருங்கியது. வலி வேறிடத்தில், சொல்லத்தான் கூசுகிறாள் என்று ஹாத்திமுக்குப் பிடிபட்டுவிட்டது. பையிலிருந்து எட்டிப் பார்த்த பொம்மையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்மா. இவளுக்கு எங்க வலிக்குதோ அங்க விரலை வைங்க, போதும்."

மனூபியா பொம்மையின் தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் கட்டைவிரலை வைத்து, மூன்று மாத வெட்கத்தையும் சேர்த்து அழுத்தினாள். படக்கென்று கால் உடைந்தது.

"அப்போ இது முதுகு இல்ல, இடுப்பு மூட்டு," என்றான் ஹாத்திம்.

நர்ஸ் அவளைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டாள். முழங்காலை மடக்கிப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பியதும், அதே மடிப்பில் சுருக்கென்றது. எக்ஸ்ரேயில் மூட்டு லேசாகத்தான் தேய்ந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை, தினமும் உடற்பயிற்சி, இடக்கையில் ஊன்றுகோல் போதும் என்றான்.

"ஆடலாமாடா?"

"ஒரே ஒரு பாட்டுக்கு. குதிச்சீங்கன்னா நானே வந்து மேளத்தை நிறுத்திடுவேன்."

பொம்மையின் உடைந்த காலையும் கட்டுத்துணி சுற்றிக் கட்டிக் கொடுத்தான். வேறு வாங்கக் கடை சாத்தியாகிவிட்டது. அதையே கொண்டுபோனாள்.

சம்பந்தி ஸுபைதா பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன சம்பந்தி, என் பொண்ணு நொண்டின்னு சொல்லாம சொல்றீங்களா?"

வேறு வழியில்லாமல் மனூபியா நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். ஸுபைதா சிரிக்கவில்லை. காபி போடச் சொல்லி மகளை உள்ளே அனுப்பிவிட்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

"எனக்கும் அதே இடந்தான். எட்டு மாசமா முழங்கால் வலின்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன். அந்தப் பையன் நாளைக்கு இருப்பானா?"

கல்யாணத்தன்று இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கொரு ஊன்றுகோலோடு ஒரே ஒரு பாட்டுக்கு ஆடினார்கள். இதென்ன புது ஆட்டம் என்று இளசுகள் ஓடிப்போய்த் தாத்தாக்களின் கைத்தடிகளைப் பிடுங்கிவந்து கூடவே ஆடின. மருமகளைப் பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு வாய் எழவில்லை.

உங்கள் வீட்டுக் கால்களெல்லாம் வலியறியாமல் நடக்கட்டும். வலித்தாலும், இன்ன இடம் என்று கூசாமல் சொல்ல வாய் வரட்டும். உங்கள் சர்க்கரை டப்பா ஒருநாளும் காலியாகாமல் இருக்கட்டும், கண்ணுகளா.