குலநூலின் முதல் பக்கம்

"படத்த எடுத்துட்டு வா, லியென்ஃபாங். அச்சகத்துக்காரன் காத்துக்கிட்டிருக்கான்" என்று அவசரப்படுத்தினார் அவள் கணவரின் அண்ணன் தேகுவான். சூரியகாந்தி விதைத் தோலை உட்கார்ந்த இடத்திலேயே துப்பிக்கொண்டிருந்தார்.

மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு, மகள் ஜிங்யுன் விருது வாங்கும் படத்தை லியென்ஃபாங் எடுத்து வந்தாள். பாலைவனத் தூசி காற்றிலேறி எவ்வளவு தூரம் போகிறது, எந்தத் துகள் எந்த மண்ணில் கிளம்பியது என்று கண்டறிந்ததற்காகப் பெய்ஜிங்கில் கொடுத்த விருது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு சியா குலத்தின் வம்சநூல் மறுபடி அச்சாகிறது. முதல் பக்கத்தில் அந்தப் படம் வேண்டுமாம்.

"தூசிக்கே பொறந்த ஊரு எதுன்னு சொல்லிப்புட்டாளே நம்ம பொண்ணு!" என்று பெரியப்பா சிரித்தார்.

ஜிங்யுன் அவர் கொண்டுவந்த அச்சுப்படியைப் புரட்டினாள். இறந்துபோன அப்பாவின் பெயர் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. அதனடியில் ஒரே வரி: வாரிசு இல்லை.

இரண்டு முறை படித்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

"இது என்ன பெரியப்பா?"

எட்டிப் பார்த்தார். "அதுவா? பையன் இல்லாத வீட்டுக்கெல்லாம் அப்படித்தான் போடுறது. இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ண யாரு எழுதுவா?"

"மொதப் பக்கத்துல மட்டும் போடலாமா?"

"அது குலத்துக்குப் பெருமைம்மா. இது வழக்கம். ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

ஆண்பிள்ளை பெறாதவள் என்று அந்தத் தெருவில் முப்பது ஆண்டு தலைகுனிந்து நடந்தவள் அம்மா. படத்தைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முன்னோர் கல்லறைகளைக் கூட்டிப் படையலிடும் சிங்மிங் நாளன்று நூல் வெளியீடு. ஆண்கள் குலமண்டபத்துக்குள்ளே, பெண்களுக்கு முற்றத்தில் பந்தி. காற்று மணலை வாரி இறைத்தது. ஆட்டுக்கறி நூடுல்ஸ் கிண்ணங்களைக் கையால் மூடி மூடிச் சாப்பிட்டார்கள். ஜிங்யுனுக்கு ருசியே தெரியவில்லை.

ஒலிபெருக்கியில் பெரியப்பா முழங்கினார்: "காலஞ்சென்ற என் தம்பி தேஷெங் வீட்டிலேர்ந்து நம்ம குலவிளக்கு மேடைக்கு வரணும்!"

கைதட்டல். மறுபடியும் கூப்பிட்டார். கூப்பிட்டால் போகிற பழக்கத்தில் ஜிங்யுன் எழப்போனாள். அம்மா அவள் முழங்காலில் கைவைத்து அழுத்தினாள். பிறகு தான் எழுந்து, பெண்கள் மிதிக்காத மண்டபப் படியில் ஏறி நின்றாள்.

"எங்க வீட்டுக்காரருக்குத்தான் வாரிசே இல்லையே, மச்சான்" என்றாள், உள்ளே அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "யாரக் கூப்புடுறீங்க?"

ஒலிபெருக்கி கரகரத்தது. அம்மா திரும்பி வந்து உட்கார்ந்து, ஆறிப்போன கிண்ணத்தைக் கையிலெடுத்தாள்.